விடையெழுதாத அஞ்சலட்டை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதம் ஒருமுறை கூடிப் படிப்பதும் பேசுவதும் பெரிய செயலா என்று கேட்பவர் உண்டு. பத்தாண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் அதைச் செய்து பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். அத்தகைய அவையில் பேச எனக்குத் தரப்பெற்ற பொருள், நெடுநாள் எழுதாதிருந்த ஒருவர் மீண்டும் எழுத வருவதும், பழைய வாசகரை மீண்டும் சந்திப்பதும் ஆகும். பிறர் எழுத்தைப் பற்றி வகுப்பறையில் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசிவிடுகிற எனக்கு, இப்பொருள் சற்றே இடர்ப்பாடாக இருந்தது. ஆகவே பிறரிடமிருந்தே தொடங்குகிறேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம், பொறுத்தருள்க.

மீண்டு வந்த எழுத்தாளர் என்றவுடன் தமிழ் மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் ந. பிச்சமூர்த்தி. ‘மணிக்கொடி’க் காலத்தில் புதுக்கவிதைக்கு வழிகோலிய அவர், நாற்பதுகளின் பிற்பகுதியிலிருந்து கவிதையில் ஏறத்தாழ மௌனமாகிவிட்டார். 1959 சனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, முதல் இதழில் பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ என்னும் பழைய கவிதையை மறுபடியும் அச்சிட்டார். அதன் பின்னரே பிச்சமூர்த்தி புதிய கவிதைகளை எழுதத் தொடங்கினார். இளையோர் பலரும் அவ்வழியே வந்தனர். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எழுத்தாளர் வாசகரைத் தேடிச் செல்லவில்லை. பழைய வாசகர் ஒருவர், எழுத்தாளரே மறந்துவிட்ட தாளை எடுத்துவந்து அவர்முன் வைத்தார். செல்லப்பாவை இதழாசிரியர், திறனாய்வாளர், நாவலாசிரியர் என்றெல்லாம் பாராட்டுகிறோம். மறக்காத வாசகர் என்ற பட்டமும் அவருக்கு உரியதே.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதுவும் நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தே கிடைக்கிறது. சிங்கம்புணரியிற் பிறந்த ப. சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியா சென்று மீண்டவர். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ பரிசு பெற்று வெளிவந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ பல்லாண்டுக் காத்திருப்பிற்குப் பின் 1972இல் நூலாயிற்று. அதன் பெருமையைத் தமிழுலகம் உணர்ந்து, வாசகர்கள் மதுரையில் அவரைத் தேடிச் சென்ற காலத்தில் அவர் எழுத்தை விட்டு விலகியிருந்தார். 1997இல் மறையும்வரை மூன்றாவது நாவல் வரவில்லை. வாசகர் வரத் தாழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைச் சான்றாகக் கூறுவர். அதனை மறுக்கவில்லை. ஆனால் எழுத்தாளர் விடையிறுக்கத் தாழ்ந்தால் என்ன நேரும் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேசவே வந்தேன்.

அதற்கு முன் இராமேசுவரத்திலிருந்து ஒரு சான்று. அப்துல் கலாம் அவர்கள் அருண் திவாரியுடன் இணைந்து எழுதிய தன்வரலாறு 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ‘அக்னிச் சிறகுகள்’ என்ற பெயரில் அது தமிழ் வீடுகளிற் புகுந்தது. அதன் தொடக்கப் பகுதியில் ஒரு படகு வருகிறது. அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச் செல்லத் தந்தையார் செய்த மரப்படகு அது. ஒரு புயல் அப்படகைக் கொண்டுபோய்விட்டது. அதே மூச்சில், பாம்பன் பாலம் இடிந்ததும், பயணிகளோடு ஒரு இரயில் போனதும் சொல்லப்படுகின்றன.

இப்பகுதியை நான் முதலாண்டு மாணவியருக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பாம்பனிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, ‘அம்மா, கலாம் ஐயா பிறந்தது 1931. ஆறு வயதென்றால் 1937. இரயில் போனது 1964 அல்லவா?’ என்று கேட்டாள். எத்தனை முறை படித்திருப்பேன்! என் கண்ணில் அது பட்டதில்லை. இரு புயல்கள், இடையே ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள். நினைவு அவ்விரண்டையும் சேர்த்து முடிந்துவிட்டது. இதனைக் குறை என்று நான் கூறவில்லை. கடற்கரையில் வளர்ந்தவர் மனத்தில் எல்லாப் புயலும் கடைசியிற் பெரிய புயலோடு போய்ச் சேர்ந்துவிடும் போலும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதன்பின் அவர் நாட்டைப் பற்றியும் இளைஞரைப் பற்றியும் பல நூல்கள் எழுதினார். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். பின்னர் 2013இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், ‘எனது பயணம்’ என்று தமிழில் வந்துள்ள சிறு நூலில் மீண்டும் தம் இளமைக்கு, தந்தையின் காலை நடைக்கு, தாய்க்கு, தமக்கைக்கு, செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்த எட்டு வயதிற்குத் திரும்பினார். அங்கே படகு ஒரு தனி இயலாகவே விரிகிறது. மரம் வாங்கியது முதல் படகு உருவாகும் வரை, சிறுவன் கண்கொட்டாமல் பார்த்திருந்த ஒவ்வொன்றும் வருகிறது. புயல்களும் அங்கே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. இளமையிற் கண்ட புயல் ஒன்று. 1964ஆம் ஆண்டுப் புயல் மற்றொன்று. அவ்விரண்டாம் புயலிலும் தந்தையார் படகை இழந்தார், மறுபடி தொழிலைத் தொடங்கினார் என்று எழுதுகிறார். முதல் நூலில் ஒரு முறை இழந்த தந்தை, இரண்டாம் நூலில் இரு முறை இழந்து இரு முறை எழுகிறார். திரும்பிவந்து எழுதியிராவிடில் அந்த இரண்டாம் எழுச்சி நமக்குக் கிடைத்தேயிராது. தன்னைப் பற்றி மீண்டும் எழுதுவதில் என்ன பயன் என்று வினவுவோர்க்கு நான் காட்டுவது இந்தப் படகையே.

இனி, என் கதைக்கு வருகிறேன். இனிமேல் ஒளிந்துகொள்ளப் பிறர் இல்லை.

என் தந்தையார் தனுஷ்கோடியிற் பிறந்தவர். என் பாட்டனார் அங்கே கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர். சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பலேறும் பயணிகளின் பெட்டிகளே அவர் குடும்பத்திற்குச் சோறிட்டன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் அடித்தபோது குடும்பம் ஊரில் இல்லை. உச்சிப்புளியில் ஓர் உறவினர் திருமணத்திற்குச் சென்றிருந்தது. அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவர்கள் திரும்பவேயில்லை. திரும்ப ஊரும் இல்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அதனை அறிவித்துவிட்டது.

அப்பா இரவு உணவிற்குப் பின் அவ்வூரைப் பற்றிச் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, இராமநாதபுரத்திலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ஒரு சிற்றிதழில் 2004 முதல் 2008 வரை இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினேன். ஆய்வு அன்று, அப்பாவின் ஊர், என் வீடு, மீன்கூடைப் பெண்கள், மண்டபத்து இரயில் நிறுத்தம், இப்படி. சில நூறு படிகளே அச்சாகும் அவ்விதழுக்கு வந்த கடிதங்களை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. பரமக்குடியிலிருந்து ஒரு நெசவாளர் ஒவ்வொரு மாதமும் எழுதுவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் சந்திப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தையே கிழித்து அனுப்புவார்.

புயலைப் பற்றிய கட்டுரையை ஒரு வாக்கியத்தால் முடித்திருந்தேன்: ‘எங்கள் தெருவில் ஒருவரும் மிஞ்சவில்லை.’ அப்பா அப்படித்தான் சொன்னார். பலரும் அந்த வரியைப் பாராட்டினர். நானும் உள்ளூர அதனை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

2008இல் ஓர் அஞ்சலட்டை வந்தது. பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து. யாரோ சொல்ல யாரோ எழுதியது. இராமேசுவரம் நடராஜபுரத்து முகவரி. ‘அந்தத் தெருவில் நான் மிஞ்சினேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. என் தம்பிக்கு ஒன்பது. அவனை உங்கள் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டு எழுதவும்.’ இவ்வளவே.

நான் விடை எழுதவில்லை.

முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்திருந்தேன், நேரமில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அப்பாவிடம் காட்டினால் பழைய புண்ணைக் கிளறியதாகும் என்பது அடுத்த காரணம். உண்மைக் காரணத்தை இந்த அவையிலேனும் சொல்லிவிடுகிறேன். அந்த வரி நன்றாக இருந்தது. அந்த அட்டை அதைக் கெடுத்தது. ஒரு நல்ல வாக்கியத்தைக் காப்பாற்ற, உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை நான் இல்லாதவளாக்கினேன்.

பிறகு எழுத்தும் நின்றது. ஆய்வேட்டில் ‘நான்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்று என்னையே படர்க்கையில் எழுதிப் பழகினேன். ஐந்தாண்டுகள் அவ்வாறு எழுதியபின் தன்மை ஒருமை கையைவிட்டுப் போய்விடுகிறது. இதனைச் செய்தவர்கள் அறிவார்கள். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகள் வந்து, கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண், கருத்தரங்கிற்கு இத்தனை என்று கணக்கிடத் தொடங்கிய பின், அப்பாவைப் பற்றிய கட்டுரைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. என் ஆய்வுப் பொருள் நெய்தல் திணை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை முந்நூறு பக்கங்களில் நிறுவினேன். நெய்தல் நிலத்துப் பெண் ஒருத்தி எனக்கு எழுதிய அட்டை, அதே மேசையின் இழுப்பறையில் கிடந்தது.

2014இல் அப்பா மறைந்தார். இனிக் கேட்க ஆளில்லை என்றானபின் எழுதவும் ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது.

2022இல் நம் வட்டத்தின் ஒரு மாதக் கூட்டத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பழைய படைப்பு ஒன்றைப் படிக்கவேண்டும் என்றார்கள். அந்தப் புயல் கட்டுரையைத் தேடி எடுத்தேன். இதழின் நடுவே அட்டை இருந்தது. எப்போது அங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. கட்டுரையை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இறுதி வரி வரவில்லை. அன்று தலைவலி என்று சொல்லிக் கூட்டத்திற்கு வராமலிருந்தேன். அது பொய். அவையோர் மன்னிக்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடராஜபுரம் போனேன். தேநீர்க்கடையிற் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் எனக்குத் தொலைவாக இருந்த வீடு, பேருந்துப் பயணமும் கால்மணி நடையும்தான். எழுபத்தைந்து வயது மூதாட்டி திண்ணையில் அமர்ந்து, கடைகளுக்கு விற்பதற்கான சிப்பி மாலை கோத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தெருக்காரர் என்பதால் அத்தை என்றழைத்தேன். இன்னார் மகள் என்றேன். அட்டையை நீட்டினேன். எழுத்தறியாதவர், ஆனாலும் அட்டையை அடையாளம் கண்டுகொண்டார்.

‘இதுக்குப் பதில் எழுதவா தாயி இம்புட்டு வருசம்?’ என்றார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். அடுத்து, ‘அப்பா என்ன சொன்னாரு?’ என்றார்.

அப்பாவிடம் கேட்கவேயில்லை என்பதையும், அப்பா இறந்துவிட்டதையும் சொன்னேன். அவர் மேலும் நான்கைந்து சிப்பிகளைக் கோத்தார். பிறகு தாமாகவே பேசினார். அவரும் தாயும் மணல்மேட்டில் ஏறித் தப்பியிருக்கிறார்கள். தம்பி ஊரில் இல்லை. மாமனோடு பாம்பனுக்குப் போயிருந்தவன், அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டியில் வந்தான். நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடல்கொண்ட அந்த 653ஆம் எண் வண்டியை நாமெல்லாம் அறிவோம்.

‘வண்டி பாலத்துல விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாக, எழுதுறாக. பாலத்துல இல்ல தாயி. ஊருக்குக் கிட்ட வந்துட்டான். நீயாச்சும் சரியா எழுது.’

பாலமும் அப்புயலில் சிதைந்தது உண்மை. இரயில் மறைந்தது தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய இடத்தில் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மேடையில் பேசுவோர்க்கு அது சிறு பிழை. அந்தத் திண்ணையில் அது சிறு பிழையன்று. பிள்ளை பாலத்திலேயே போய்விட்டான் என்பதற்கும், வீட்டு வாசல்வரை வந்துவிட்டான் என்பதற்கும் உள்ள தொலைவு ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்திருக்கிறது.

வீடு திரும்பி அப்பாவின் சொற்களை எழுதிவைத்த குறிப்பேட்டை முழுதும் புரட்டினேன். கட்டுரையில் சேர்க்காமல் விட்டவை பல. அவற்றுள் ஒரு வரி: ‘மூன்றாம் வீட்டுப் பையன். ஆட்டுக்குட்டி. கப்பல் சங்கு ஊதினால் குட்டி ஓடும், இவர்கள் இருவரும் பின்னால் ஓடுவார்கள்.’ ஓரத்தில் பென்சிலால், ‘பெயர் கேட்கவேண்டும்’ என்று எழுதியிருந்தேன். கேட்கவில்லை. சாவைப் பற்றிய கட்டுரையில் ஓடும் ஆட்டுக்குட்டி சிரிப்பை வரவழைத்துவிடும் என்று விலக்கியிருப்பேன் போலும்.

இரண்டாம் முறை குறிப்பேட்டோடு சென்று அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. ‘எங்க வீட்டுல குட்டி இருந்துச்சு. மூணாவது வீடா நாலாவது வீடான்னு இப்ப நெனப்பு இல்ல’ என்றார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அவ்வளவுதான். அச்சிறுவன் அவர் தம்பிதானா என்பதை இனி நிறுவ வழியில்லை. அப்பா இருந்தவரை இருந்த வழி அது.

அதன் பின்னரே எழுதினேன். பழைய கட்டுரையைத் திருத்தவில்லை. அது அச்சேறிவிட்டது, அதன் பிழை என் பெயரிலேயே இருக்கட்டும். ‘ஒருவர் மிஞ்சினார்’ என்று தொடங்கும் புதிய கட்டுரை ஒன்றை எழுதினேன். பழைய வாசகர் சிலரைத் தேடிப் படி அனுப்பினேன். பரமக்குடி நெசவாளர் மறைந்துவிட்டார். அவர் மகன் தொலைபேசியில் பேசினார். தலைமையாசிரியருக்கு இன்று தொண்ணூறு வயது. ஒற்று மிகும் இடங்கள் இரண்டைத் திருத்தி அனுப்பினார். முன்பு எழுதியதில் உருக்கம் மிகுதி, இப்போது செய்தி மிகுதி என்று ஒருவர் வருந்தினார். அவர் சொல்வதிலும் உண்மையுண்டு.

2023இல் அக்கட்டுரையை இந்த வட்டத்தில், இதே அரங்கில் படித்தேன். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை வந்திருந்தார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கூட்டம் முடிந்ததும் அருகில் வந்தார். ஆட்டுக்குட்டியை ‘வெள்ளைக் குட்டி’ என்று எழுதியிருந்தேன். அப்பா நிறம் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தது.

‘வெள்ளை இல்ல தாயி, செவலை’ என்றார்.